முருங்கை விதையா, கூரைச் சூடா, வெள்ள மணியா? கிரேடு 10 எக்ஸ்போவுக்கு எதை எடுப்பது

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகள் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். கிரேடு 10 படிக்கிறாள். நோட்டில் ஐந்து தலைப்பு எழுதி, நான்குக்கு எதிரே நட்சத்திரம் வரைந்திருந்தாள். "மாமி, இதுல எதுக்குத் தங்கம் கிடைக்கும்?" என்று கேட்டாள். தங்கத்தைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது, எதை உன்னால் முடிக்க முடியும் என்று வேண்டுமானால் சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.

அன்று சாயங்காலம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் எஸ்காம் எக்ஸ்போவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ஒரு அறிவியல் ஆய்வு செய்து நடுவர் முன் வைக்கும் போட்டி இது, 1980இல் தொடங்கியது. முதலில் பள்ளி, அப்புறம் வட்டாரம், அதில் தேறினால் ஜொகானஸ்பர்க் பக்கம் போக்ஸ்பர்கில் நடக்கும் இறுதிச் சுற்று. அங்கிருந்து சிலர் அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற உலக மாணவர் அறிவியல் போட்டி வரைக்கும் போகிறார்கள்.

தலைப்புக்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்கச் சொன்னேன். நம் பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது. ஜூன் முழுக்கப் பரீட்சை. வட்டாரக் கண்காட்சி ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வந்துவிடும். அப்படியென்றால் சோதனை செய்யக் கையில் இருப்பது மார்ச், ஏப்ரல், மே மாதச் சனி ஞாயிறுகளும் ஜூலை விடுமுறையும்தான். பத்துப் பன்னிரண்டு வார இறுதி. அதில் கல்யாணம், கோயில் திருவிழா, காவடி, காய்ச்சல் எல்லாம் கழித்தால் எட்டு மிஞ்சும். எட்டுச் சனிக்கிழமைக்குள் அடங்காத எதையும் எடுக்காதே என்பது என் முதல் கணக்கு.

இரண்டாவதாக அவளிடம் இரண்டு கேள்வி கேட்டேன். எதை அளப்பாய்? எத்தனை தடவை அளப்பாய்? ஒவ்வொரு தலைப்புக்கும் இதற்குப் பதில் எழுதச் சொன்னேன். ஐந்தில் இரண்டு அப்போதே ஆட்டம் கண்டன.

முதலில் விழுந்தது மஞ்சள். மஞ்சளும் பூண்டும் கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும், அதற்கு வீட்டுச் சமையலறையில் தட்டில் கிருமி வளர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் ஆசை இது. ஆனால் வீட்டில் கிருமி வளர்ப்பது ஆபத்து. தட்டில் எது வளர்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது, கோடிக்கணக்கில் பெருகும், மூடியைத் திறந்தால் காற்றில் பரவும். ஐசெஃப் விதிகள் வீட்டில் கிருமி வளர்ப்பதை அடியோடு தடுக்கின்றன. முறையான ஆய்வகமும் பக்கத்திலேயே நின்று பார்க்கும் ஆசிரியரும் இருந்தால் செய்யலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. அந்தத் தலைப்பை அடித்துவிட்டோம்.

அடுத்தது மின்வெட்டு. லோட் ஷெடிங் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு கேள்வித்தாள். நல்ல விஷயம்தான். 2022லும் 2023லும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தியவள் நான், அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் மனிதர்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வுக்கு, ஒரு கேள்விகூடக் கேட்பதற்கு முன்னால், நெறிமுறை அனுமதி வாங்கியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அனுமதி வரும் முன்பு சேர்த்த பதில்களைப் பயன்படுத்த முடியாது. பல பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள், வாட்ஸ்அப்பில் ஐம்பது பேரிடம் கேட்டு முடித்துவிட்டு அப்புறம் படிவம் தேடுகிறார்கள். இன்னொன்று, 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்று பத்து மாதம் வரவே இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் சோதனை நடக்கும்படி ஒரு தலைப்பு இருப்பதுதான் நிம்மதி. மனிதர்களோடு பேசப் பிடிக்கும், கணக்கில் சதவீதமும் சராசரியும் சரளமாக வரும், பிப்ரவரியிலேயே படிவம் கொடுத்துவிடும் பிள்ளை என்றால் நான் தடுக்க மாட்டேன். இவள் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள்.

மிச்சம் மூன்று. இந்த மூன்றில்தான் உண்மையான யோசனை.

கூரைச் சூடு. சாட்ஸ்வொர்த் வீடுகளின் கூரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பிப்ரவரி மதியம் உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் அறை எவ்வளவு குளிரும்? நான்கு ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, மேலே நான்கு தகரத் துண்டு. ஒன்று வெறும் தகரம், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. உள்ளே தெர்மாமீட்டர். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை கால் மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வீட்டுக் கூரையிலிருந்து துண்டு வெட்டலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், வெட்டினால் வரும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. புதுத் தகரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையின் பெரிய பலம், ஒரே நாளில் நான்கு பெட்டியும் ஒரே வெயிலில் நிற்கும். மேகம் வந்தாலும் நான்குக்கும் சேர்ந்தே வரும். ஒரு நாள் கெட்டுப்போனால் மறுநாள் செய்யலாம். டர்பனில் குளிர்காலம் மழை குறைந்த காலம், ஜூலை விடுமுறையில் பளிச்சென்ற வெயில் நாட்கள் நிறையக் கிடைக்கும்.

ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கிறோம். ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதுவும் வடக்கே. டிசம்பரில் அதே சூரியன் 83 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலையில். கோடைக் கூரையைப் பற்றிய கேள்விக்குக் குளிர்கால வெயிலில் பதில் தேடுகிறோம் என்பதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் எடுத்த வீடியோவைப் பார்த்துத் தகரத்தைத் தெற்குப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, மூன்று வாரம் சரியான கணக்கு வரவில்லை என்று வந்து நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும். இங்கே வடக்குப் பக்கம் சாய்க்க வேண்டும்.

குறை என்ன என்றால், வெள்ளை குளிரும், கருப்பு சுடும் என்பது நடுவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் தெரியும். அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். வெள்ளைப் பெயின்ட் ஆறு மாத அழுக்கு படிந்த பின்னும் குளிருமா? மெல்லிய சேற்று நீரை ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, நான்கு பூச்சு என்று தடவிப் பாருங்கள். அப்போது பதில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, கூரைக்குப் பெயின்ட் அடிக்கக் காசு செலவழிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அது தேவையான பதிலும்கூட.

வெள்ள எச்சரிக்கை மணி. இவள் மனசு இதில்தான் இருந்தது, ஏன் என்றும் எனக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்போது இவள் சின்னப் பெண். ராத்திரி முழுக்க இவளுடைய அப்பா டார்ச் வைத்துக்கொண்டு பின்பக்கக் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடையில் நீர் ஏறினால் மணி அடிக்கும் ஒரு கருவி செய்ய வேண்டும் என்று இந்தப் பிள்ளை நினைப்பதை நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

செய்யலாம். நிரல் ஏற்றி இயக்கும் அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, ஒலி அலை அனுப்பித் தூரம் அளக்கும் ஒரு சென்சார், ஒரு சின்ன மணி. சாதாரணமாகக் கிடைக்கும் சென்சார் 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும். ஒலியை அனுப்பும், நீரில் பட்டு அது திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிடும், அவ்வளவுதான். பிரச்சினை செய்வதில் இல்லை. இணையத்தில் கிடைக்கும் நிரலை அப்படியே ஏற்றினால் மணி அடித்துவிடும். நடுவர் வந்து, "இந்த வரி எதற்கு?" என்று கேட்கும்போதுதான் பிள்ளையின் முகம் வாடும். அதோடு இதே கருவியை ஒவ்வொரு வட்டாரத்திலும் நாலு பேர் கொண்டுவருகிறார்கள்.

அதனால் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன், கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒலியின் வேகம் சூட்டைப் பொறுத்து மாறும். 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரி வெயிலில் அது 352 ஆகிவிடும். நிரலில் 343 என்றே எழுதி வைத்திருந்தால், இரண்டு மீட்டர் கீழே இருக்கும் நீர் ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டதாகக் கருவி நினைக்கும். வெயில் நாளில் பொய் மணி அடிக்கும். நாலு தடவை பொய்யாக அடித்தால் அஞ்சாவது தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு வெப்ப சென்சாரைச் சேர்த்து இந்தப் பிழையைத் திருத்த முடியுமா, எவ்வளவு திருத்த முடியும் என்பது அளக்கக்கூடிய கேள்வி. ஓடைக்குப் போகவே வேண்டாம். ஒரு நீல டிரம், ஒரு அளவு நாடா, விடியற்காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. ஒவ்வொரு உயரத்துக்கும் பத்து அளவு எடுத்தால் ஒரு மாதத்தில் நோட்டு நிரம்பிவிடும்.

சில வருஷத்துக்கு முன்னால் என் மாணவி ஒருத்தி இப்படித்தான் செய்தாள். கண்காட்சி அன்று மண்டபத்தில் மேசையைத் தூக்கி வைத்தபோது ஒயர் கழன்றுவிட்டது, கடைசி வரை மணி அடிக்கவில்லை. அவள் அழுதுகொண்டே தன் நோட்டைத் திறந்து, இருநூறு அளவுகளையும் தேதியோடு காட்டினாள். எந்த நாள் எது தப்பாக வந்தது, ஏன் என்று நினைத்தாள் என்பதை அடிக்காமல் அழிக்காமல் எழுதி வைத்திருந்தாள். நடுவர் இருபது நிமிஷம் அந்த நோட்டைத்தான் படித்தார். வெள்ளிப் பதக்கம் வாங்கினாள்.

இப்போது முருங்கை. நோட்டில் கடைசியாக, நட்சத்திரமே இல்லாமல் எழுதியிருந்த தலைப்பு இது. டர்பனில் கீரையை ஹெர்ப்ஸ் என்றுதான் சொல்வோம். என் மாமியார் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் முருங்கை மரத்தின் கீரையைச் சாப்பிடாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அந்த மரத்தின் காய்ந்த விதை கலங்கிய நீரைத் தெளிய வைக்கும். நம் ஊரில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் தேய்த்து நீரைத் தெளிய வைப்பார்களே, அதே வேலை. சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைத் தெளிய வைக்கப் பெண்கள் முருங்கை விதையைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். விதையில் இருக்கும் ஒரு புரதம் நேர்மின் ஏற்றம் கொண்டது. களிமண் துகள்கள் எதிர்மின் ஏற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. புரதம் நடுவில் புகுந்ததும் அவை கூடிப் பஞ்சு மாதிரித் திரண்டு கீழே இறங்கும்.

அன்றைக்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தோம். மரத்தில் வெடித்த காய்களைப் பறித்து விதை எடுத்தாள். பச்சைக்காய் விதை உதவாது, பழுப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். சிறகு மாதிரி இருக்கும் தோலை உரித்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. நாற்பது ஐம்பது விதை உரித்தால் பத்து கிராம் தேறும், நகம் வலிக்கும். அதை ஆயாவின், அதாவது என் மாமியாரின், அம்மியில் நைத்து ஒரு லிட்டர் நீரில் கலக்கித் துணியில் வடிகட்டினோம். இதில் ஒரு வசதியைக் கவனியுங்கள். வீட்டுத் தராசில் மில்லிகிராம் நிறுக்க முடியாது. ஆனால் இந்தக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் விதை. மருந்து ஊற்றும் சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து ஒரு லிட்டர் கலங்கல் நீரில் விட்டால் 50 மில்லிகிராம் கணக்கு. 10, 20, 40 மில்லி என்று போகலாம். கரைசல் அன்றைக்கு அன்றைக்கே புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒரே அளவு ஊறுகாய் பாட்டில் ஐந்து வைத்தோம். தோட்டத்துச் சிவப்பு மண்ணை வாளியில் கரைத்து, அரை மணி நேரம் மணல் இறங்க விட்டு, மேலே மிதந்த கலங்கலை மட்டும் ஊற்றினோம். ஆற்று நீரை எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், நம் ஆறுகளில் சாக்கடை கலக்கிறது, பிள்ளைகள் கை வைக்கும் நீர் இல்லை. ஒரு பாட்டிலில் விதை நீர் விடவே இல்லை. ஒரு நிமிஷம் வேகமாக, பத்து நிமிஷம் மெதுவாகக் கலக்கினாள். ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

விதை போடாத பாட்டிலும் கொஞ்சம் தெளிந்திருந்தது! அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னேன், இதுதான் இன்றைக்குக் கிடைத்த முதல் உண்மை, அந்த ஒரு பாட்டில் இல்லாமல் இருந்தால் முழுப் பெருமையையும் முருங்கைக்கே கொடுத்திருப்பாய் என்று. 100 மில்லிகிராம் பாட்டிலில் நீர் கண்ணாடியாக இருந்தது, அடியில் செம்பஞ்சு மாதிரி வண்டல். 400 போட்ட பாட்டில் பால் கலந்த மாதிரி மங்கலாக நின்றது. கூடப் போட்டால் கூடத் தெளியும் என்று நினைத்திருந்தாள். துகள்கள் எல்லாம் இப்போது நேர்மின் ஏற்றம் பெற்று மறுபடி ஒன்றையொன்று தள்ளலாம், விதையின் மிச்சப் புரதமும் மங்கலைச் சேர்க்கலாம். எது காரணம் என்று பார்க்க இன்னொரு சனிக்கிழமை வேண்டும் என்று அவளே சொன்னாள்.

தெளிவை எப்படி அளப்பது? டியூப்லைட்டுக்குப் போடும் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய் ஒன்று எடுத்து, அடியை அடைத்து, உள்ளே கருப்பு வெள்ளைக் குறி ஒட்ட வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை ஊற்றி, குறி மறையும் உயரத்தை அளக்க வேண்டும். உயரம் கூடினால் தெளிவு கூடுதல். கண் ஏமாற்றும் என்பதால், பாட்டில் எண்ணை அடியில் எழுதி வைத்து, எது எது என்று தெரியாத தம்பியைப் பார்க்கச் சொல்லலாம். ஒன்று மட்டும் அறிக்கையில் பெரிதாக எழுத வேண்டும்: இந்த நீர் தெளிந்த நீர், குடிநீர் அல்ல. கிருமி குறையும், ஆனால் போகாது. விதையின் சத்து மிஞ்சி நிற்பதால் வைத்திருந்தால் மறுபடி பெருகும்.

செலவில் முருங்கைதான் மலிவு, பாட்டிலும் சிரிஞ்சும் குழாயும்தான். கூரைக்குத் தகரமும் பெயின்டும் நாலு தெர்மாமீட்டரும் வேண்டும். வெள்ள மணியை ஐந்நூறு ராண்டுக்குள் முடிக்கலாம், ஒரு பலகை கருகிப் போனால் இன்னொன்று வாங்கக் கையில் காசு வேண்டும். ஒரு சனிக்கிழமை வீணானால் என்ன ஆகும் என்று பார்த்தால் கூரை வெயிலை நம்பியிருக்கிறது, மணி ஒயரை நம்பியிருக்கிறது, முருங்கை கையிருப்பு விதையை மட்டும் நம்பியிருக்கிறது. ஏப்ரலுக்குள் இரண்டு பை காய்ந்த காய் சேர்த்துவிட்டால் மழை நாளிலும் சமையலறையில் வேலை ஓடும். நிரல் எழுதி ஏற்கெனவே பழகிய பிள்ளைக்கு நான் மணியைத்தான் சொல்வேன், மேலே சொன்ன வெப்பக் கேள்வியோடு. ஜூன் பரீட்சைக்குப் பிறகுதான் தொடங்க முடியும் என்றால் கூரை, மூன்று வார விடுமுறையில் முடிந்துவிடும். வேறு யாருக்கும் முருங்கை.

எளிய பொருளாக இருக்கிறதே, நடுவர் மதிப்பாரா என்று நாத்தனார் கேட்டார். 2016இல் கூகுள் அறிவியல் போட்டியில் உலகிலேயே முதல் பரிசு வாங்கிய கியாரா நிர்கின் நம் தென்னாப்பிரிக்கப் பெண், அப்போது வயது 16. அவர் எடுத்துக்கொண்டது ஆரஞ்சுத் தோலும் அவகாடோத் தோலும்தான். வறட்சியில் மண்ணில் நீரைப் பிடித்து வைக்கும் பொருளை அதிலிருந்து செய்தார்.

அவள் நோட்டை எடுத்து முருங்கைக்கு எதிரே நட்சத்திரம் வரைந்தாள். வெள்ள மணித் தலைப்பைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அதன் கீழே "கிரேடு 11" என்று எழுதிக்கொண்டாள், அதற்குள் நிரல் கற்றுக்கொள்வாளாம். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆயா வீட்டில் விதை உரிக்கிறோம்.